சனிக்கிழமை செவலையின் நாள்

“நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்…” என்று தொடங்கும் பழமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதன் பின்பாதியை இம்மலரில் எழுதுவது அழகாகாது. திருந்தாதவரைக் குறித்துப் பெரியவர்கள் சொல்லும் மொழி அது. ஆனால் எங்கள் வீட்டில் அதை நாய்க்கே சொன்னதாக எடுத்துக்கொண்டோம். நாயைக் குளிப்பாட்டுவது வீண் வேலை, மறுநிமிடமே அது மண்ணில் புரளப் போகிறது என்று வீட்டில் அனைவரும் நினைத்தோம். அந்த நினைப்பினால் ஒரு நாயை இழந்தோம். பின்னர் வந்த நாயைக் காப்பாற்றிக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவே நாங்கள் கற்றதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். அக்காள் பத்தாம் வகுப்பு, தங்கை எட்டாம் வகுப்பு. எழுதியது இருவரும் சேர்ந்து. சண்டையிட்டதும் இருவரும் சேர்ந்துதான்.

மணி

மணி எங்கள் வீட்டுக்கு 2016ஆம் ஆண்டில் வந்தது. நாட்டு நாய். கறுப்பு உடம்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. மீந்த சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் குழம்புச் சோறு, படுக்கத் திண்ணை. இவை போதும் என்று நாங்களும் நினைத்தோம், அதுவும் நினைத்ததாகவே தோன்றியது. பள்ளி விட்டு வந்ததும் அதன் தலையைத் தடவிக்கொடுப்போம். தலையை மட்டுந்தான். அதன் கழுத்துக்குக் கீழே எங்கள் கை போனதே இல்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மணி சரியாகச் சாப்பிடவில்லை. “வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும்” என்றார் அப்பத்தா. நாங்களும் நம்பினோம். நான்காம் நாள் காலை திண்ணையில் இரத்தத் துளிகள் கிடந்தன. மணியின் மூக்கிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

மருத்துவர் முதலில் மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காகிதம் போல் வெளுத்திருந்தது. பிறகு காதை மடக்கி எங்களிடம் காட்டினார். உள்ளே ஆமணக்கு விதைகளை ஒட்டி வைத்தாற்போல் உண்ணிகள். கால்விரல்களின் இடுக்குகளிலும், கழுத்துப் பட்டைக்கு அடியிலும், வாலின் அடியிலும் அவையே. அவர் எங்களைக் கோபிக்கவில்லை. “கடைசியா இதை உடம்பெல்லாம் தடவிப் பார்த்தது எப்போ பாப்பா?” என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் மணி இறந்துபோயிற்று. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். இனி இந்த வீட்டில் நாயே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

2023ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வைக்கோல் போரடியில் ஐந்து குட்டிகள் இருந்தன. சிவந்த நிறத்துப் பெண்குட்டி ஒன்றை எங்களால் விட்டுவர இயலவில்லை. அப்பா ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தார். “சோறு அம்மா போடுவாள். உடம்பைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். தவறினால் குட்டி அத்தை வீட்டுக்குத் திரும்பிவிடும்.” அவ்வாறு பிறந்ததுதான் செவலையின் சனிக்கிழமை.

அதன் தோல் வேறு, நம் தோல் வேறு

குட்டிக்குத் தடுப்பூசி போடச் சென்றபோது அதே மருத்துவரிடம் பேணும் முறைகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். முதலில் அவர் சொன்னது, நாயை நம்மைப் போல் நினைத்துப் பராமரிக்கக் கூடாது என்பதே.

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது; நாயின் தோலில் அமிலத்தன்மை அதைவிடக் குறைவு. ஆகவே நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் வறண்டு அரிப்பெடுக்கும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ பெரும்பாலும் பாதங்களின் அடியில்தான் வியர்வை சுரக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. வியர்வையில் ஊறாத உடம்புக்குத் தினமும் குளியல் தேவையில்லை. தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெய்ப் பசைதான் உரோமத்துக்குக் காவல். அடிக்கடி குளிப்பாட்டினால் அது போய்விடும். நாட்டு நாய்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குளியல் போதும்.

அப்படியானால் மற்றச் சனிக்கிழமைகளில் என்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். சீவுவதும் பார்ப்பதுமே வேலை. குளியலைவிட இவை முக்கியம் என்பதை நாங்கள் பின்னால் உணர்ந்தோம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. நாய்க்கென்று விற்கும் ரப்பர் பிரஷ் ஒன்று, நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பு ஒன்று, முனை வளையாத சிறு இடுக்கி, பஞ்சு, பழைய துண்டுகள் இரண்டு, நாய் நகவெட்டி, மூடியுள்ள ஒரு சிறு பாட்டில். இவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, “செவலை” என்று எழுதி வைத்திருக்கிறோம். அப்பத்தாவின் பேன் சீப்பை எடுத்துப் போட்டதால் வந்த வழக்கு தனிக்கதை.

சீவுதல்

நம் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது. அம்மா எங்கள் தலையைச் சீவும்போதே, “ஏன்டி, இங்கே சிவந்திருக்கு?”, “இது என்ன பொடுகு?” என்று கேட்டுவிடுவாள். அவள் சீவுவது முடியைத்தான். ஆனால் பார்ப்பது தலையை. நாயைச் சீவுவதும் அதுபோலத்தான்.

உரோமம் வளர்ந்திருக்கும் திசையில் கழுத்திலிருந்து முதுகு, விலா, தொடை என்று வரிசையாகச் சீவவேண்டும். முதலில் ரப்பர் பிரஷ். உதிர்ந்த மயிரும் மண்ணும் அதிலேயே வந்துவிடும். பிறகு கைவிரல்களால் உரோமத்தை எதிர்த்திசையில் விலக்கித் தோலைப் பார்க்கவேண்டும். சிவப்பு, வட்டமாக மயிர் உதிர்ந்த இடம், பொருக்கு, கட்டி, சிறு காயம் எது இருந்தாலும் அப்போது கண்ணில் படும். வால் அடியிலும் இடுப்பிலும் மிளகுத்தூள் போன்ற கறுப்புப் பொடி தெரிந்தால், அதை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். உண்ட இரத்தத்தின் மிச்சமே அந்நிறம். அங்கே பேன் சீப்பு பயன்படும்.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களுக்கு உரோமம் குட்டை. வாரத்துக்கு ஒருமுறை சீவினால் போதும். (இவற்றுள் ராஜபாளையத்துக்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது.) பொமரேனியன் வளர்க்கும் தோழியர் நம் பள்ளியில் பலர் உள்ளனர். அவ்வினத்துக்கு மேலே நீண்ட உரோமமும் அடியில் பஞ்சு போன்ற உரோமமுமாக இரண்டு அடுக்குகள் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சீவாவிட்டால் காதின் பின்னாலும் அக்குளிலும் சடை விழுந்து, அதனடியில் புண்ணாகிவிடும். கோடையில் பாவம் என்று அதை மொட்டையடிப்பவர் உண்டு. அது தவறு. அந்த உரோமம் குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். உரோமம் பழையபடி வளராமலும் போகலாம்.

உண்ணி என்னும் எதிரி

உண்ணி பூச்சி அன்று, சிலந்தியின் உறவு. ஆமணக்குக்குத் தாவரவியலில் ‘ரிசினஸ்’ என்று பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல் உண்ணியைக் குறிக்கும். இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியைப் பார்த்தவருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

நம் ஊர் நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாயுண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு ஆறு கால்கள். அடுத்த பருவத்திலிருந்து எட்டுக் கால்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். சுவர் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, சாக்கின் மடிப்பு இவற்றில் ஒளிந்து அடுத்த பருவத்துக்கு மாறும். கடைசியில் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடியும். ஆகவே நாயின் மேல் நாம் காணும் உண்ணிகள் ஒரு பங்கு என்றால், சுவரில் காத்திருப்பவை பல பங்கு. நாயை மட்டும் சுத்தம் செய்து சாக்கை அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். நாங்கள் செவலையின் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் முக்கி வெயிலில் உலர்த்துகிறோம். திண்ணைச் சுவரின் வெடிப்புகளை அப்பா சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்.

இரத்தம் குடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. குடிக்கும்போதே நோய்க்கிருமியையும் உள்ளே விட்டுவிடுகிறது. மாடுகளைக் கொன்றுவந்த ஒருவகைக் காய்ச்சல் உண்ணியால் பரவுவதை அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்மித், கில்போர்ன் இருவரும் 1893ஆம் ஆண்டில் நிறுவினர். மணியைக் கொன்ற நோயின் பெயர் எர்லிக்கியோசிஸ். 1935ஆம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டு நாய்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. காய்ச்சல், சோர்வு, உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல், முற்றிய நிலையில் மூக்கில் இரத்தம். ஆரம்பத்தில் கண்டால் மாத்திரையிலேயே குணமாகக்கூடிய நோய்தான். முற்றிய பின் கைக்கு எட்டாது.

உண்ணியை எடுக்கும் முறை இது. தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியை இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக இழுக்கவேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிப் புண்ணாகும். ஊதுபத்தியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடவே கூடாது. நசுக்கினால் கிருமி நம் கையில் படும். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடிவிடவேண்டும். பிறகு நம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். பத்துக்கு மேல் இருந்தால் இடுக்கி வேலை பயன்படாது. மருத்துவர், நாயின் வயதையும் எடையையும் பார்த்து மருந்து தருவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாய்க்குத் தரும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. நாய் அதைத் தாங்கும். பூனைக்கு அது நஞ்சு. நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடவேண்டும்.

குளியல்

குளியல் நாளில் முதலில் சீவிவிடவேண்டும். சடையோடு நனைத்தால் அது இறுகிவிடும். வெயில் ஏறிய காலை நேரமே நல்லது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் நாயை நிறுத்துங்கள். வழுக்கும் தரையில் நிற்க நேர்வதால்தான் பல நாய்கள் குளியலுக்கு அஞ்சுகின்றன. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று குளியல்களும், அக்காளின் ஒரு பாவாடையும் செலவாயின.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். காது துவாரத்தில் சிறிது பஞ்சை வைத்துக்கொள்ளவேண்டும். கழுத்தைச் சுற்றி முதலில் நனைத்து, நாய்க்குரிய ஷாம்பை அங்கே வளையம்போல் நுரைக்கவிடவேண்டும். உடம்பை முதலில் நனைத்தால் தெள்ளுகள் தலைக்கும் காதுக்கும் ஓடும். இந்த நுரை வளையம் அவற்றைத் தடுக்கும். பிறகு முதுகு, வயிறு, கால், விரலிடுக்கு, வால். முகத்தில் நீரூற்றாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நுரை போட எடுக்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் அலசவேண்டும். தங்கிய நுரைதான் மறுநாள் அரிப்பு. கடைசியில் துண்டால் ஒற்றி எடுத்து, பஞ்சை நீக்கி, வெயில்படும் இடத்தில் விடுங்கள். அதற்குமுன் அது ஒருமுறை உடம்பை உதறும். அந்நேரம் பக்கத்தில் நிற்பவர் குளித்தவராவார்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியையும், காய்ச்சல் கண்ட நாயையும் குளிப்பாட்டக் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் காயாமல் விட்டால் விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும்.

காது, கண், பல், நகம்

நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல் நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்ளே திரும்புகிறது. ஆகவே உள்ளே போன நீரும் அழுக்கும் எளிதில் வெளியே வராது. கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பஞ்சால் துடைக்கவேண்டும். குச்சி விட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். துர்நாற்றம், காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு, ஓயாத தலையாட்டல் இவை தெரிந்தால் அது மருத்துவரின் வேலை.

கண்ணின் பீளையை, கண்ணுக்கு ஒரு பஞ்சாக நனைத்து, உள்முனையிலிருந்து வெளிப்பக்கம் துடைக்கவேண்டும்.

வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. நமக்கு 32 தான். ஈரத்துணியை விரலில் சுற்றிப் பற்களின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் காரை படிவது குறையும். நம் பற்பசை கூடாது. நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியாது. அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பல்லைத் தேய்க்கும்போதே ஈறையும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல உடல்நலமுள்ள நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். சில நாய்களுக்கு ஈறு இயற்கையாகவே கறுத்திருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

நகத்தைப் பொறுத்தவரை, தெருவில் ஓடும் நாய்க்குத் தானாகவே தேயும். வீட்டோடு இருக்கும் நாய் நடக்கையில் சிமென்ட் தரையில் டக் டக் என்று ஒலி கேட்டால் வெட்டும் காலம் வந்தது என்று பொருள். நகத்தின் நடுவே இரத்தக்குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டவேண்டும். முன்னங்காலின் உட்புறத்தில் சற்று மேலே, தரையைத் தொடாத விரல் ஒன்று உண்டு. அந்நகம் தேய்வதே இல்லை. விட்டுவிட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும். அதை மறந்துவிடக் கூடாது.

செய்யக் கூடாதவை

சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெய் தடவு, வண்டியின் கழிவு ஆயிலைப் பூசு என்று சொல்பவர் ஊருக்குப் பத்துப்பேர் இருக்கிறார்கள். செவலைக்கும் ஒருவர் சொன்னார். இவை தோலை வேகவைத்துவிடும். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுவதும், படுக்கையில் பாச்சை உருண்டை போடுவதும் அவ்வாறே நஞ்சு. சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலந்திப்பேன். அதற்கு நல்ல மருந்து இன்று உண்டு. அவ்வகைச் சொறி மனிதர் கையிலும் அரிப்பை உண்டாக்கலாம் என்பதால் தாமதிக்கக் கூடாது.

நாய்க்கு விருப்பமில்லாதபோது வலிந்து செய்வதும் கூடாது. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், உடம்பை விறைத்தல் இவையெல்லாம் “போதும்” என்று அது சொல்லும் சொற்கள். அதையும் மீறினால்தான் உறுமும். சிறு பிள்ளைகள் இவ்வேலையைத் தனியே செய்யாமல் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். குட்டிப்பருவத்திலேயே நாள்தோறும் காலையும் காதையும் தொட்டுப் பழக்கி, வெந்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்தால் பிற்காலத்தில் சண்டையே இராது.

தடுப்பூசியை மறந்துவிட்டு மற்றவை எல்லாம் செய்தாலும் பயனில்லை. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் சொல்லும் நாளில் தொடரவேண்டும். நம் வீட்டு நாயே ஆனாலும் கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதல் ஊசியைப் போட்டார், அவன் பிழைத்தான். அவர் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கிடைக்கும் மருந்தைப் பெறாமல் வெட்கத்தாலோ பயத்தாலோ வீட்டில் மறைப்பதுதான் இன்று உயிர்களைக் குடிக்கிறது.

மூன்று சனிக்கிழமைகள்

இவ்வளவு எழுதிய நாங்கள் தவறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. முதல் சனிக்கிழமை கணக்குப் பாடம் என்று தள்ளிப்போட்டோம். இரண்டாவது சனிக்கிழமை அக்காள் தங்கையைச் சொன்னாள், தங்கை அக்காளைச் சொன்னாள். மூன்றாவது சனிக்கிழமை இருவருமே மறந்துவிட்டோம்.

நான்காவது சனிக்கிழமை டப்பாவைத் திறந்தோம். செவலை வழக்கம்போல் வாலை ஆட்டியது. காலையில் சோற்றில் பாதியை வைத்திருந்தது, அவ்வளவுதான். பார்ப்பவருக்கு நோய் என்றே தோன்றாது. பின்னங்காலின் விரலிடுக்கில் இரண்டு உண்ணிகள் இருந்தன. எடுத்துப் பாட்டிலில் போட்டோம். பிறகு தங்கை உதட்டைத் தூக்கினாள். “அக்கா, நிறம் சரியில்லை” என்றாள்.

அம்மா வந்து பார்த்தாள். சரியாகத்தானே இருக்கிறது என்றாள். அப்பாவும் அப்படியே சொன்னார். வெளுத்துப்போகவில்லை, சற்று மங்கியிருந்தது, அவ்வளவே. ஆனால் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அந்த ஈறைப் பார்த்துவந்தவர்கள் நாங்கள். அது செவலையின் நிறம் அன்று. அழுத்திப் பார்த்தோம், சிவக்க நேரமாயிற்று. அப்பா மேலே ஒன்றும் கேட்காமல் ஆட்டோ அழைக்கப் போனார்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். செவலைக்கு 104 இருந்தது. இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மணிக்கு வந்த அதே நோய். “நல்ல நேரத்தில் கொண்டுவந்தீங்க” என்றார் மருத்துவர். நான்கு வாரம், ஒருவேளையும் தவறாமல் மாத்திரை. வெல்லத்தில் வைத்தால் மாத்திரையை மட்டும் துப்பிவிடும். முட்டையில் வைத்தால் விழுங்கிவிடும். மூன்றாம் வாரத்தில் தட்டை நக்கிக் காலி செய்தது. நான்காம் வாரத்தில் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. அன்று எங்கள் வீட்டில் அந்தக் குரைப்பைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

அப்பா தம் நிபந்தனையை நினைவூட்டவில்லை. தவறிய மூன்று சனிக்கிழமைகளை நாங்களே காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.

தோழியரே, அழகுக்காக நாயைச் சீவிக் குளிப்பாட்டுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பழகிய நிறம் தெரிந்தவருக்குத்தான் மாறிய நிறம் தெரியும். வாரந்தோறும் தொட்ட கைக்குத்தான் புதிய கட்டி தட்டுப்படும். வாயில்லாப் பிராணி தன் நோயைச் சொல்லாது. நாம் போய்த்தான் பார்க்கவேண்டும். மணி நான்கு நாட்கள் திண்ணையில் கிடந்து சொல்ல முயன்றதை நாங்கள் வெயில் என்றோம். செவலை ஒன்றும் சொல்லாதபோதே எங்களுக்குத் தெரிந்தது. மணிக்கும் செவலைக்கும் இடையே இருந்த வேறுபாடு வாரத்துக்கு ஒரு மணி நேரம்.

தோபித்து நூலில், இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது அவனோடு நாயும் சென்றதாக வருகிறது. திரும்பிவரும்போதும் அது கூடவே வந்தது. அது போனதும் வந்ததும் தவிர வேறு செய்தி இல்லை, பெயர்கூடச் சொல்லப்படவில்லை. நம் வாசலில் படுத்திருப்பவையும் அப்படித்தான். நாம் போகுமிடமெல்லாம் கூட வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்புகின்றன.

நாயை நடுவீட்டில் வைக்கவேண்டாம். அது திண்ணையிலேயே இருக்கட்டும். அப்பத்தாவின் கருத்தும் அதுவே. ஆனால் வருகிற சனிக்கிழமை அதன் பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள். தலையைத் தடவிய கை, அதோடு நின்றுவிடாமல் கழுத்துக்குக் கீழேயும் போகட்டும்.